மெல்ல இறங்கும் காற்று: பெங்களூரு பஞ்சர் கடைகளில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், லிங்கராஜபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. பல இடங்களில் தமிழிலேயே சொல்லி வேலை வாங்கலாம். ஆணி ஏறி டயர் ஒரேயடியாகத் தட்டையாகி நின்றால், இந்தச் சாலையோரக் கடைகளை மிஞ்சிய சேவை வேறில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக உருவி, தொட்டியில் முக்கி, தேய்த்து, ஒட்டி, காற்றடித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வேலைக்கு முழு மதிப்பெண். இங்கே மதிப்பிடப்போவது இன்னொரு வேலையை: இரவு அடித்த காற்று காலையில் சரியாக இருக்கிறது, மாலையில் கொஞ்சம் தளர்கிறது, மூன்றாம் நாள் ரிம் தரையைத் தொடுகிறது. அந்த ஸ்லோ பஞ்சரைக் கண்டுபிடிக்கும் வேலை.

இதில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம். கைத்திறன் எல்லாரிடமும் இருக்கிறது. சிக்கல் கூலி முறையில்தான். ஒட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் எங்கும் கணக்கு. பெரிய ஓட்டையை ஒரு நொடியில் பார்த்து ஒட்டினாலும் அதே காசு, ஊசிமுனை ஓட்டையை அரைமணி நேரம் தேடி ஒட்டினாலும் அதே காசு. தேடியும் கிடைக்கவில்லை என்றால் காசே இல்லை. வரிசையில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் நிற்கும்போது சைக்கிள் டியூபை வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்? அதனால் கடைக்குப் போனதும் முதலில் சொல்ல வேண்டியது: "அண்ணே, ஸ்லோ பஞ்சர். டியூபை முழுசா வெளியே எடுத்துப் பாருங்க, டயர் உள்பக்கமும் பார்க்கணும். அதுக்குத் தனியா காசு தர்றேன்." இந்த மூன்று வாக்கியத்துக்குப் பிறகு அதே கடையில் கிடைக்கிற வேலை வேறாக இருக்கும். தேடலுக்கு என்று தனியாகக் கொடுக்கிற காசு, புது டியூப் விலையைவிடக் குறைவாகவே முடியும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கழித்துவிட வேண்டிய சந்தேகங்கள் சில உண்டு. எல்லாக் காற்றிறக்கமும் பஞ்சர் இல்லை. சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் தன் சுவர் வழியாகவே காற்றை மெதுவாக விடும். 700 x 25 போன்ற ஒல்லி டயரில் 90 பவுண்டு அடித்தால் வாரம் ஒருமுறை மேலே நிரப்பத்தான் வேண்டும்; அகலமான மலைச் சைக்கிள் டயரில் அதே இழப்பு கண்ணுக்குத் தெரிய இன்னும் பல நாள் ஆகும். லேட்டக்ஸ் டியூப் என்றால் தினமும் அடிக்க வேண்டியதுதான், அது அதன் சுபாவம். வெப்பநிலையும் விளையாடும். மதிய வெயிலில் 50 பவுண்டு அடித்த டயர், இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் ஓட்டையே இல்லாமல் சுமார் 2 பவுண்டு குறைந்து காட்டும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பகலுக்கும் விடியற்காலைக்கும் இந்த வித்தியாசம் சாதாரணம். ஆகவே மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டு நாளும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பம்பை மாட்டும்போதே குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய்விடுவதால் மறுநாள் எடுக்கும் அளவு எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஒல்லி டயரில் இது பல பவுண்டு வரை போகும். இதைப் பஞ்சர் என்று நம்பி டியூபைக் கழற்றுபவர்கள் உண்டு.

அடுத்தது வால்வு. பழைய 28 அங்குலக் கறுப்பு சைக்கிளில் இருப்பது வால்டியூப். அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலிலும் வயதிலும் இற்றுப்போய் வெடித்திருந்தால் டியூப் புதிதாக இருந்தும் காற்று நிற்காது. விலை ஒரு பொருட்டே இல்லை. சந்தேகமே படாமல் முதலில் அதை மாற்றிவிடலாம். கார் வால்வு மாதிரி தடித்த வால்வு என்றால், மூடியைக் கழற்றி, வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். எச்சிலும் போதும். ஒரு நிமிடம் பொறுத்தால் சன்னமான குமிழி ஒன்று உப்பும். உள்ளே காற்றைத் தடுத்து நிறுத்தும் சின்ன ஊசி போன்ற 'பின்' தளர்ந்திருக்கும், அல்லது மணல் துகள் சிக்கியிருக்கும். வால்வுப் பின் சாவியால் இறுகும் வரை திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், இல்லையென்றால் பின்னை மாற்ற வேண்டும். ஒல்லியான பிரெஸ்டா வால்விலும், பின் கழற்றக்கூடிய ரகமாக இருந்தால், பம்பைப் பிடுங்கும்போது பின் தளர்வது அடிக்கடி நடக்கிறது. இந்தச் சோதனையைத் தானாகச் செய்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

வால்வு சரி என்றால் இனி கடை. சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை உருவுகிற முறைக்கு ஒரு நன்மை, ஒரு குறை. வால்வு ரிம்மிலேயே மாட்டியிருப்பதால், டியூபில் ஓட்டை கிடைத்ததும் அதை அப்படியே டயர் மேல் வைத்து, குத்திய பொருள் எங்கே இருக்கிறது என்று நேராகப் பார்த்துவிடலாம். இது பெரிய வசதி, ஷோரூம் மெக்கானிக்குகள் பலர் கோட்டைவிடுவது. ஆனால் அதே காரணத்தால் வால்வைச் சுற்றியுள்ள ஒரு சாண் டியூப் தண்ணீருக்குள் போவதே இல்லை. ஸ்லோ பஞ்சர் ஒளிந்திருக்க விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று. வால்வின் அடியில் ரப்பர் கிழியத் தொடங்கினால் சக்கரம் சுழலும்போதுதான் அது வாய் திறக்கும். குயிக் ரிலீஸ், அதாவது ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் பிடி, இருக்கிற சைக்கிள் என்றால் சக்கரத்தை நீங்களே கழற்றிக் கொண்டுபோய்விடுங்கள், கடைக்காரருக்கு முழு டியூபையும் எடுப்பதில் தயக்கம் இருக்காது. எடுக்குமுன் சாக்பீஸால் டயரிலும் டியூபிலும் வால்வுக்கு நேராக ஒரு கோடும், எந்தப் பக்கம் செயின் பக்கம் என்று ஓர் அடையாளமும் போடச் சொல்லுங்கள். டயரின் பிராண்ட் பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுகிற பழக்கம் இருந்தால் இந்தக் கோடுகூட வேண்டியதில்லை.

தொட்டியில் முக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தேடல்கள் தோற்கின்றன. டயருக்குள் 60 பவுண்டில் கசிகிற ஓட்டை, வெளியே எடுத்த டியூபில் அதே வேகத்தில் கசியாது. டயர் என்ற அணைப்பு இல்லாததால் டியூப் உப்பிக்கொண்டே போகுமே தவிர உள்ளழுத்தம் சில பவுண்டுக்கு மேல் ஏறாது. அதனால் ரப்பரை நன்றாக இழுத்து விரிய வைக்க வேண்டும்: இயல்பான தடிமனைப் போல் இரண்டு மடங்கு வரும்வரை காற்றடிக்க வேண்டும். கடைகளில் டியூப் உருண்டு நிற்கும் அளவுக்குத்தான் அடிக்கிறார்கள். ஆணி ஓட்டைக்கு அது போதும், மயிரிழை போன்ற கம்பி குத்திய ஓட்டைக்குப் போதாது. பிறகு ஒரு சாண் ஒரு சாணாக அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே கையால் ஒருமுறை துடைத்து விட்டு, பத்து பதினைந்து நொடி அசையாமல் பார்க்க வேண்டும். துடைப்பது எதற்கென்றால், முக்கும்போது ரப்பர் மேல் ஒட்டிக்கொள்ளும் வெளிக்காற்றுக் குமிழிகள் ஏமாற்றும். துடைத்த பிறகும் அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதுதான் கசிவு.

தொட்டித் தண்ணீர் டயர் அழுக்கில் கறுத்துக் கிடந்தால் சன்னமான குமிழி தெரியவே தெரியாது. நல்ல தண்ணீர் மாற்றச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். தண்ணீரே இல்லாத இடத்தில் மேலுதட்டுக்கு அருகே டியூபை மெதுவாக நகர்த்திப் பார்ப்பது இன்னொரு வழி. காதுக்குக் கேட்காத கசிவை உதட்டு ஈரம் உணர்ந்துவிடும்.

ஓர் ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் கடைகளில் காணும் மிகப் பெரிய குறை. "நேத்துதான் ஒட்டினேன், இன்னிக்கும் இறங்குது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கிறது. காற்றுக் குறைவாக ஓட்டி, குழியில் இறங்கி ஏறும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கினால் அருகருகே இரண்டு கீறல் விழும். இந்த ஊர்ச் சாலைகளில் இது நடக்காத சைக்கிள் குறைவு. ஒன்று பெரிதாக இருக்கும், கண்ணில் படும். மற்றது சிறிதாக, எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பெரியதை ஒட்டியதும் வேலை முடிந்தது போலத் தோன்றும். சிறியது அடுத்த நாள் தன் வேலையைக் காட்டும். எனவே ஓட்டை கிடைத்தாலும் மிச்ச வட்டத்தை முடிக்கச் சொல்ல வேண்டும், ஒட்டிய பிறகு மறுபடி ஒரு முழுச் சுற்று முக்கச் சொல்ல வேண்டும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். தரையைப் பார்க்கும் வெளிப்பக்கத்தில் ஒற்றைப் புள்ளி என்றால் டயரில் ஏதோ குத்தி நிற்கிறது. ரிம்மைப் பார்க்கும் உள்பக்கத்தில் என்றால் டயரில் தேடிப் பயனில்லை, ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளையின் விளிம்பு உரசுகிறது. பழைய ஒற்றைச் சுவர் ரிம்மில், அளவுக்கு நீளமான ஸ்போக் நிப்பிளைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் டியூபை மாட்ட வேண்டும். ரிம் டேப் ரப்பர் பட்டையாக இருந்து தளர்ந்திருந்தால் துணி டேப்பாக மாற்றிவிடுங்கள். ஸ்போக் துளைகளை முழுதாக மூடும் அகலம் இருக்க வேண்டும், டயர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் ஏறக் கூடாது.

இனி அந்தக் கம்பி. பெங்களூரில் மர்மம் என்று சொல்லப்படும் ஸ்லோ பஞ்சர்களுக்குப் பின்னால் தேய்ந்து கிழிந்த லாரி டயர்களிலிருந்து உதிரும் எஃகு இழைகள் அடிக்கடி இருக்கின்றன. ஓசூர் ரோடு, தும்கூர் ரோடு, வெளிவட்டச் சாலை என்று கனரக வண்டி ஓடும் இடமெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், சைக்கிள் போவதும் அதே ஓரத்தில்தான். சில மில்லிமீட்டர் நீளம், மயிரிழைத் தடிமன். டயர் ரப்பருக்குள் முழுகிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் ஏறி உட்காரும்போது டயர் நசுங்கி இழையின் முனை டியூபைத் தொடும். இறங்கி நிறுத்தினால் பின்வாங்கிவிடும். ஓட்டினால் இறங்குகிறது, நிறுத்தினால் நிற்கிறது என்ற குறி கண்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கட்டட வேலை நடக்கிற தெருக்களில் கட்டுக்கம்பித் துண்டு, ஏரிக்கரை மண்பாதைகளில் நெருஞ்சி முள், சீமைக் கருவேல முள். முள் வகையில் இன்னொரு தொல்லை: குத்திய முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்பதால் காற்று மெல்லத்தான் இறங்கும். மழை நாட்களில் இவையெல்லாம் கூடும், ஈர ரப்பரைக் கண்ணாடித் துண்டும் கம்பியும் எளிதாகக் கிழிக்கும்.

இதைத் தேடும் முறை: டயரின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சையோ பழைய நைலான் துணியையோ தடவிக்கொண்டு போக வேண்டும். ஒரு திசையில் ஒரு சுற்று, எதிர்த்திசையில் ஒரு சுற்று. சாய்வாக நிற்கும் இழை ஒரு திசையில் வழுக்கிவிடும், மறு திசையில் நூலைப் பிடித்து இழுக்கும். கடைக்காரர்கள் வெறும் விரலால் தடவுகிறார்கள். பழகிய விரல் ஆணியைக் கண்டுபிடிக்கும், இழையைத் தவறவிடும், கண்ணாடி இருந்தால் வெட்டியும் விடும். துணி மாட்டிய இடத்தில் டயரை உள்வெளியாக மடக்கினால் முனை எழும்பும். கூர்மூக்குக் குறடால் பிடுங்கலாம். குறடு எட்டாவிட்டால் வெளியிலிருந்து ஊசியால் நெம்பித் தள்ளலாம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் புது டியூப் போட்டால் புது டியூபுக்கும் அதே கதி. பெரிய சைக்கிள் கடைகளில் கிடைக்கும் சேவையில் மதிப்பெண் குறைவது இங்கேதான். அங்கே ஒட்டுவதைவிட டியூப் மாற்றுவதே வழக்கம். அது தவறில்லை, ஆனால் பழைய டியூபைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஓட்டை எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் காரணம் இன்னும் டயரிலேயே இருக்கிறது.

ஒட்டின் தரம். சாலையோரக் கடைகளில் பலவற்றில் பழைய டியூபையே வெட்டி ஒட்டாகப் பயன்படுத்துகிறார்கள். ஆட்டோ டியூபின் தடித்த துண்டு அகலமான கறுப்பு சைக்கிள் டியூபில் தாக்குப்பிடிக்கும். ஒல்லி டியூபில் தாங்காது: டியூப் விரியும், தடித்த துண்டு விரியாது, விளிம்பு மெல்ல எழும்பி அதுவே அடுத்த ஸ்லோ பஞ்சராகும். விளிம்பு மெலிந்து முடியும் ஆயத்த ஒட்டுகளே சரி. ஜெர்மனியின் ரெமா டிப் டாப் ஒட்டுகள், ஆரஞ்சு விளிம்பும் கறுப்பு நடுவும் கொண்டவை, இந்த வகையில் முதலிடம். அவற்றின் அடியில் இருக்கும் ரப்பர் அடுக்கு சொல்யூஷனோடு வேதிவினை புரிந்து டியூபோடு ஒன்றாகிவிடுகிறது. வெறும் பசையாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. டெகாத்லானில் கிடைக்கும் ஒட்டுப் பெட்டியும் நகர ஓட்டத்துக்குப் போதும். நாலு ஒட்டு பையில் வைத்திருந்து கடைக்காரரிடம் கொடுத்து இதையே போடச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒட்டும்போது பார்க்க வேண்டியவை மூன்று. ஒட்டைவிடப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். டியூபின் நீளவாக்கில் ஓடும் அச்சு வரம்பு அந்த வட்டத்தில் வந்தால் அதை மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும், இல்லையென்றால் வரம்பின் இருபுறமும் வாய்க்கால் போலக் காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, ஈரப் பளபளப்பு மறைந்து மங்கும்வரை ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரத்துக்குத் தீக்குச்சி காட்டிக் காயவைக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள், மேல்பரப்பு கருகினால் ஒட்டு பிடிக்காது. துடைக்கப் பெட்ரோல் பயன்படுத்தினால் அது முழுதும் ஆவியாக வேண்டும். கடைசியாக, ஒட்டின் மேலிருக்கும் மெல்லிய தாளை விளிம்பிலிருந்து உரிக்கக் கூடாது. மடக்கி நடுவில் கீறி வெளிப்பக்கமாக உரிக்க வேண்டும். உரிக்காமலே விட்டாலும் கெடுதல் இல்லை. சுற்றிலும் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

பசை தேவையில்லாத ஸ்டிக்கர் ஒட்டுகளில் பார்க் டூலின் ஜிபி-2 பரவலாகக் கிடைக்கிறது, ஒரு பெட்டியில் 6 ஒட்டும் சிறு உப்புத்தாளும். நந்தி மலைப் பாதையில் நின்றுவிட்டால் வீடு சேர்க்கும். ஒட்டிய பிறகு டயருக்கு வெளியே உப்ப வைத்துச் சோதிக்காமல் நேரே உள்ளே போட்டுக் காற்றடிக்க வேண்டும், விரிந்தால் கழன்றுவிடும். நிரந்தரத் தீர்வாக இதை நம்ப வேண்டாம். திரவ சீலண்ட் ஊற்றுவதை ஸ்லோ பஞ்சருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: காரணத்தை மறைக்கும், வால்வுப் பின்னை அடைக்கும், பிறகு ஒட்ட நினைத்தால் கசிகிற ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. இப்போது வரும் டிபியு (ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் வகை) டியூப்களுக்கு இந்த ரப்பர் சொல்யூஷனே உதவாது, அதற்கென்று வரும் ஒட்டுதான்.

கம்ப்ரெஸர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்கூட்டருக்கு அடிக்கிற வேகத்தில் ஒல்லி டயருக்கு அடித்தால் நொடிகளில் வெடிக்கும். டயர் விளிம்பு ரிம்மில் இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டியூப் எங்கும் பிதுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், கடைசிப் பவுண்டுகளை வீட்டில் கைப்பம்பால் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பித்தளை அடாப்டர் பல கடைகளில் இருக்காது. வால்விலேயே ஒன்றை மாட்டி வைத்திருப்பது நல்லது.

எல்லாம் பார்த்தும் ஓட்டை கிடைக்கவில்லை என்றால் டியூபை வெளியே எடுத்து, மிதமாக உப்ப வைத்து, வால்வு மூடியோடு நிழலில் ஓரிரவு தொங்கவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் ஓட்டை டியூபில் அல்லது வால்வில்தான். மறுபடி நல்ல தண்ணீரில் இன்னும் பெரிதாக உப்ப வைத்துத் தேட வேண்டும். வெளியே நிற்கிறது, டயருக்குள் போனால் இறங்குகிறது என்றால் வால்வு அடிப்பகுதியும் பழைய ஒட்டுகளின் விளிம்பும்தான் மிச்சம். சக்கரத்தை மாட்டியபடியே முழுதாகத் தண்ணீரில் வைத்துப் பார்க்கலாம். குமிழி வால்வுத் துளையிலிருந்தோ ஸ்போக் துளையிலிருந்தோ வரும். ஆனால் காற்று டயருக்குள் ஓடித் தனக்கு வழி கிடைத்த இடத்தில் வெளியேறுவதால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை என்று கொள்ளக் கூடாது. வால்வின் அடியில் கிழிந்த டியூபை எந்த ஒட்டும் காப்பாற்றாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரிம்மின் வால்வுத் துளை விளிம்பில் பிசிர் இருந்தால் ராவிய பிறகு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதே அளவு டியூபை வாங்குங்கள்.